முதல் எதிர்மனுதாரர்

என் மனுவில் முதல் எதிர்மனுதாரராக எழுதப்பட்டிருந்தவர் என்னோடு ஒரே ஆம்புலன்ஸில் வந்தவர். நான் ஏறிய வாடகைக் காரின் டிரைவர். கார் அவருடையதுதான், ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர்தான். இரண்டாம் எதிர்மனுதாரர் அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாமவர் லாரி முதலாளி, நான்காவது லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி. நான் காரைக் கூப்பிட்டது ஒரு ஆப் வழியாக. எந்தக் கார் வர வேண்டும், எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று தீர்மானித்தது அந்த ஆப். கட்டணத்தில் கமிஷன் எடுத்துக்கொண்டதும் அதுதான். மனுவில் அதன் பெயர் எங்கேயும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை வக்கீலிடம் கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக விபத்து வழக்குகள் மட்டுமே நடத்துகிற பெண்மணி அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்களுக்கு நஷ்டஈடு வேணுமா, நியாயம் வேணுமா?" என்றார். "நஷ்டஈடுன்னா இந்த நாலு பேர் போதும்மா."

2021 அக்டோபர் கடைசி வாரம் அது. ஐப்பசி பிறந்து முகூர்த்தங்கள் திரும்பியிருந்தன. கொரோனா வந்ததிலிருந்து மேடை ஏறவில்லை. மறைமலை நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரிக்கு வயலின் வாசிக்கக் கூப்பிட்டதும் தொகைகூடப் பேசாமல் ஒப்புக்கொண்டேன். முடிந்து, சாப்பிட்டுக் கிளம்பும்போது பத்தரை. மேற்கு மாம்பலத்துக்கு ஆப்பில் கார் போட்டேன். வந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், திருவண்ணாமலைப் பக்கம். வயலின் பெட்டியைப் பார்த்துவிட்டு, "டிக்கியில வேணாம் மேடம், பக்கத்துலயே வச்சுக்குங்க" என்றார். சீட் பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் வந்தது, அதை மாட்டுகிற பூட்டைக் காணோம். சீட்டுக்குப் போட்ட புது ரெக்சின் உறைக்கு அடியில் அது எங்கோ புதைந்து கிடந்தது. சென்னையில் ஓடுகிற வாடகைக் கார்கள் பலவற்றில் இந்தக் கதைதான். பின்சீட் பெல்ட்டைப் பற்றி அப்போது யாரும் பேசவும் இல்லை. மறுவருஷம் செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகுதான் நாடே அதைப் பற்றிப் பேசியது.

வண்டலூர் தாண்டி, பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக ஒரு டிப்பர் லாரி நின்றிருந்தது. நின்றிருந்தது என்று எனக்குத் தெரிந்ததே இடித்த பிறகுதான். பார்க்கிங் லைட் எரியவில்லை. பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை இல்லை. முக்கோணப் பலகை இல்லை. வண்டி பழுதாகி நின்றால் நம் ஊரில் மரக்கிளையையாவது ஒடித்துப் பின்னால் போடுவார்கள், அதுவும் இல்லை. டிரைவர் கடைசி நொடியில் வலதுபக்கம் ஒடித்தார். காரின் இடதுபாதி லாரிக்கு அடியில் செருகிக்கொண்டது.

முகத்தை மறைக்கத் தூக்கிய இடதுகை முன்சீட்டில் போய் மோதியது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்பும் முறிந்தன. டிரைவருக்குத் தொடை எலும்பு. பெட்டிக்குள் இருந்த வயலினில் ஒரு தந்திகூட அறுந்திருக்கவில்லை.

108 வந்தது. ஆம்புலன்ஸுக்குள் அவர் வலியில் முனகிக்கொண்டே ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "ஃபோன் எங்க? ரைடை எண்ட் பண்ணணும். ஓடிக்கிட்டே இருக்கும் மேடம்." ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் என் மகள் என் ஃபோனைத் திறந்தபோது பயணம் முடிந்திருந்தது. காத்திருப்புக் கட்டணமும் சேர்த்து கார்டில் பணம் எடுத்திருந்தார்கள். கீழே ஐந்து நட்சத்திரங்கள்: உங்கள் பயணம் எப்படி இருந்தது? அவள் அன்றைக்குக் கொதித்த கொதிப்பில் அந்த ஆப்பையே அழித்திருப்பாள். நல்லவேளை, அழிக்கவில்லை. தேதி, நேரம், ஏறிய இடம், காரின் நம்பர், டிரைவர் பெயர் எல்லாம் அந்த பில்லில் இருந்தன. நான் ஓசியில் லிஃப்ட் கேட்டு வந்தவள் இல்லை, காசு கொடுத்துப் பயணம் செய்தவள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை அச்செடுத்து, சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி ஒரு சான்றும் இணைத்து, ஆவணமாகத் தாக்கல் செய்தார் வக்கீல்.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதி, கட்டுப்போட்டார்கள். அங்கிருந்து தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறி, தகடும் திருகாணியும் வைத்து அறுவை சிகிச்சை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது 2021 டிசம்பர் 18ஆம் தேதி. எனக்கு அது இரண்டு மாதம் பிந்திவிட்டது.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல். எக்ஸ்ரே என் கைக்கு வருவதற்கு முன்பே எனக்கு எத்தனை எலும்பு முறிந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "செலவு ஒரு பைசா நீங்க பண்ண வேணாம். எல்லாம் நம்ம வக்கீல் பாத்துப்பார். வர்ற பணத்துல முப்பது பர்சன்ட். இங்க ஒரு கையெழுத்து." அடிபட்டது இடதுகை என்பதில் அவருக்குத் தனி சந்தோஷம் போல, பேனாவை வலதுகையில் திணித்தார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேரம் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் அக்காதான். "ஃபைலை எடுத்துக்கிட்டு எழுந்திருங்க சார்" என்றாள்.

இரண்டாவது, போக்குவரத்துப் புலனாய்வுப் போலீஸ்காரர். வாக்குமூலம் எழுதிக்கொண்டார். "பின்னால போய் இடிச்சவன் மேலதாம்மா கேஸ்" என்றார். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகள். அதிவேகம், அஜாக்கிரதை, கொடுங்காயம். நான் லாரியைப் பற்றிச் சொன்னேன். நின்ற வண்டி எப்படி இடிக்கும் என்று அவர் கேட்டார். விளக்கில்லாமல் நின்றது என்று நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் என்றேன். கையில் வலி மருந்து சொட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு எங்கிருந்தோ பிடிவாதம் வந்திருந்தது. கடைசியில் எழுதினார்: 'எவ்வித எச்சரிக்கை விளக்கும் இன்றி சாலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த லாரியின் பின்புறம்.' பிற்பாடு மூன்றாம், நான்காம் எதிர்மனுதாரர்கள் என் வழக்குக்குள் வந்தது அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

மூன்றாவதாக வந்தது டிரைவரின் மனைவி. இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. உள்ளே வராமல் கதவோரம் நின்றாள். "அம்மா, கேஸ் போடாதீங்கம்மா. வண்டிக்கு இன்னும் மூணு வருஷம் டியூ இருக்குது" என்றாள். கேஸை நான் போடவில்லை, போலீஸ் போட்டது என்று விளக்கிச் சொன்னேன். அவளுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. விபத்து நடந்த மறுநாளே ஆப்பில் அவன் ஐடியை முடக்கிவிட்டார்கள் என்று சொன்னாள். அவன் காலில் கம்பி போட்டிருந்த நிலையில் ஐடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஆனாலும் அதைத்தான் அவள் பெரிய இழப்பாகச் சொன்னாள்.

ஆப்பின் உதவிப் பக்கத்துக்கு என் மகள் எழுதினாள். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. பயணிகளுக்கு ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பித்தோம். ஆஸ்பத்திரி பில்களின் ஒரிஜினலை அனுப்பச் சொன்னார்கள். ஒரிஜினலை அங்கே அனுப்பினால் தீர்ப்பாயத்தில் எதைத் தாக்கல் செய்வது? நகல் அனுப்பினால் நிராகரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கெஞ்சி, முத்திரையோடு இரண்டாம் பிரதி வாங்கி அனுப்பி, அங்கிருந்து கேள்வி வந்து, இங்கிருந்து பதில் போய்... ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. சிறு தொகை ஒன்று வந்தது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

ஆப் கம்பெனியை ஏன் சேர்க்கவில்லை என்ற என் கேள்விக்கு வக்கீல் பிறகு ஒரு நாள் நிதானமாகப் பதில் சொன்னார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 166இன்படி நஷ்டஈடு கேட்கும்போது சட்டம் பார்ப்பது மூன்று பேரை: ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கொடுத்தவர். 2019 திருத்தத்தில் இந்த ஆப் கம்பெனிகளுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. அவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று பிரிவு 93 சொல்கிறது. நஷ்டஈடு பற்றிய பகுதியில் அவர்களுக்கு இடம் வைக்கவில்லை. எதிர்மனுதாரராகச் சேர்த்தால், கார் எங்களுடையதில்லை, டிரைவர் எங்கள் சம்பளக்காரரில்லை, பயணியையும் டிரைவரையும் சேர்த்துவைக்கிற தரகு வேலைதான் எங்களுடையது என்று ஒரு கவுன்ட்டர் போடுவார்கள். அதற்கு முன்னால் சம்மன் சேரவே வருஷம் ஓடும். "உங்க கேஸ் நிக்கும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அவர் சொன்னது நடைமுறையில் சரி. எனக்கு அது இன்றுவரை ஒப்பவில்லை.

சென்னையில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்பது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றம்தான். விபத்து எங்கே நடந்திருந்தாலும் மனுதாரர் குடியிருக்கிற ஊரில் வழக்குப் போடலாம் என்பதால் செங்கல்பட்டுக்கு அலையாமல் தப்பித்தேன். மனுவுக்கு எம்.சி.ஓ.பி. என்கிற வழக்கு நம்பர் விழுந்தது 2022 ஜனவரியில். பாரிமுனையில் இறங்கி உள்ளே நடந்தால், அந்தத் தாழ்வாரங்களில் ஊன்றுகோல், கழுத்துப்பட்டை, மடித்துக் குத்திய பேன்ட் கால்கள். உட்கார இடம் போதாது. வாய்தாவுக்குக் கூப்பிடும்போது சக்கர நாற்காலிக்கு வழிவிடச் சொல்லி யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள்.

டிரைவர் வரவில்லை. அவருக்குச் சம்மன் போய்ச் சேர்ந்தது, வக்கீல் வைக்கவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆனார். பெரும்பாலான வழக்குகளில் முதல் எதிர்மனுதாரர் இப்படித்தான் காணாமல் போகிறார். வக்கீல் வைக்கக் காசு வேண்டும், வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும். "இன்சூரன்ஸ் இருக்குல்ல, அவங்க பாத்துப்பாங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி யாரைப் பார்த்துக்கொள்ளும் என்பதைப் பின்னால் பார்த்தேன்.

தீர்ப்பாயம் என்னை மருத்துவக் குழுவுக்கு அனுப்பியது. என் வாழ்க்கையை ஒரு எண்ணாக மாற்றிய இடம் அது. நீண்ட வரிசைக்குப் பிறகு ஒரு மேஜை, மூன்று டாக்டர்கள். எலும்பு டாக்டர் கோணம் அளக்கிற கருவியைக் கையில் வைத்திருந்தார், பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்குமே அந்த மாதிரி, கொஞ்சம் பெரியது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைக்கச் சொன்னார். "தீர்த்தம் வாங்குற மாதிரி உள்ளங்கையை மேல திருப்புங்கம்மா." திருப்பினேன். வலதுகை மலர்ந்து நின்றது. இடதுகை பக்கவாட்டில் நின்றுகொண்டது, தீர்த்தம் ஊற்றினால் தரையில்தான் விழும். "இன்னும்." தோளைச் சாய்த்து ஏமாற்றப் பார்த்தேன். அவர் தோளைப் பிடித்து நேராக்கினார். "தோள் வேணாம், கை மட்டும்." அளந்தார். அவருடைய விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். ஏதோ எழுதினார். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். சான்றிதழ் வந்தபோது 22 சதவீதம் என்று இருந்தது.

22 சதவீதம் என்றால் என்ன? இங்கேதான் இந்த வழக்குகளின் மொத்தச் சண்டையும். தமிழ்நாட்டில் ஒரு பழக்கம் உண்டு: நிரந்தர ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடுவது. 3,000, 4,000, 5,000 என்று காலத்துக்கேற்ப அந்தத் தொகை ஏறிவந்திருக்கிறது. 5,000 என்றே வைத்தாலும் எனக்கு 1,10,000 ரூபாய். இன்சூரன்ஸ் வக்கீல்கள் இருவரும் இதைத்தான் கேட்டார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒருவரையொருவர் கைகாட்டியவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை.

என் வக்கீல் பிடித்துக்கொண்டது 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கை. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, அதனால் அவர் பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டுகிறது. இடதுகை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாது. அப்படியானால் வயலின்காரிக்கு? கர்நாடக சங்கீதத்தில் வயலினைச் சம்மணமிட்டு, அதன் தலையை வலது கணுக்காலில் வைத்து வாசிக்கிறோம். இடது உள்ளங்கை நம்மைப் பார்த்து மலர்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் கை தந்தியின் நீளம் முழுக்க வழுக்கிப் போய் வர வேண்டும், கமகம் அதில்தான் இருக்கிறது. டாக்டர் அளந்த அதே கோணம்தான் என் தொழில்.

குறுக்கு விசாரணையில் லாரி இன்சூரன்ஸின் வக்கீல் மரியாதையானவர், விஷயம் தெரிந்தவர். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மாதம் நாற்பதாயிரம் சம்பாதித்ததாகச் சொல்வது பொய் என்கிறேன்."

"பொய் இல்லை."

"வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை, சரிதானே?"

"சரி."

"இப்போதும் பாடம் எடுக்கிறீர்கள்?"

"எடுக்கிறேன். பாடிக் காட்டித்தான் சொல்லித்தருகிறேன், வாசித்துக் காட்ட முடிவதில்லை."

"சீட் பெல்ட் அணியாததால்தான் காயம் ஏற்பட்டது என்கிறேன்."

பூட்டு உறைக்குள் புதைந்திருந்தது என்று சொன்னேன். வண்டியைப் போலீஸ் எடுத்த படங்களில் பின்சீட்டு தெரிந்தது, பூட்டு தெரியவில்லை. அந்த வாதம் அதோடு நின்றது. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வயலின் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டச் சொன்னார். கூண்டில் நின்றபடி காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் குனிந்து எழுதினார்.

வருமானத்துக்கு என்னிடம் இருந்தவை இரண்டே ஆதாரங்கள். ஒன்று, அகில இந்திய வானொலி எனக்கு 'பி-ஹை' தரம் கொடுத்த கடிதம். இன்னொன்று கொரோனா தந்தது. அதுவரை பிள்ளைகள் கவரில் போட்டு, வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்த ஃபீஸ், ஊரடங்கில் வகுப்பு ஆன்லைனுக்குப் போனதும் ஜிபேயில் வர ஆரம்பித்தது. கச்சேரி ஒன்றுகூட இல்லாத அந்த ஒன்றரை வருஷம்தான் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் என்னைச் சம்பாதிக்கிறவளாகக் காட்டியது. வீட்டுவேலை, தையல், டியூஷன் என்று கையில் காசு வாங்கிப் பிழைக்கிற பெண்கள் இந்த நீதிமன்றத்தில் என்ன காட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டும் இருக்கிறேன். "வக்கீல் ஏதோ போட்டிருக்காரு" என்பார்கள்.

இனி எஃப்.சி. எனும் தகுதிச் சான்று விவகாரம். காரின் இன்சூரன்ஸ் கம்பெனி தன் கவுன்ட்டரில், விபத்து நடந்த அன்று காருக்குத் தகுதிச் சான்று இல்லை, அது 2021 மார்ச்சிலேயே காலாவதியாகிவிட்டது, பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஒரு ஊழியரைச் சாட்சிக்கு அழைத்துப் பதிவேட்டையும் காட்டியது. எனக்குப் பயமாகிவிட்டது. வக்கீல் பயப்படவில்லை. ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இருக்கிறது: இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். "உங்களுக்கு ஒரு பைசா குறையாது."

"அப்ப அந்தப் பையன்கிட்ட இருந்து வசூல் பண்ணுவாங்களா?"

"ஆர்டர் வாங்கிடுவாங்க. வசூல் ஆகுமான்றது வேற. ஆனா அவர் தலைமேல அது தொங்கிக்கிட்டே இருக்கும்."

எக்ஸ்பார்ட்டியாக இருக்கிற அவருக்கு இது தெரியக்கூட வாய்ப்பில்லை. ஒரு நாள் வீட்டைத் தேடிக்கொண்டு அமீனா வரும்போதுதான் தெரியவரும்.

கொரோனா காலத்தில் எல்லாவற்றுக்கும் கெடு நீட்டினார்களே, இதற்கு நீட்டவில்லையா என்று கேட்டேன். என் தங்கை கணவர் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஜூனியரைத் தேடச் சொன்னார். கிடைத்தது. 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான தகுதிச் சான்று, பெர்மிட், லைசென்ஸ் எல்லாவற்றையும் செல்லுபடியானதாகக் கருதச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அடுத்தடுத்துச் சுற்றறிக்கைகள் விட்டிருந்தது. கடைசிச் சுற்றறிக்கையின்படி கெடு 2021 அக்டோபர் 31. விபத்து அதற்கு முன்னால். இன்னும் ஒரு வாரம் தள்ளி நடந்திருந்தால் அந்த இளைஞன் தீர்ந்தான்.

"எதிர்மனுதாரருக்கு நாமளே டாகுமென்ட் போடறதா!" என்று வக்கீல் சிரித்தார். சிரித்துவிட்டு மனு போட்டு அந்தச் சுற்றறிக்கையை ஆவணமாகச் சேர்த்தார். அந்தப் பையனிடம் வாங்கிய பிரீமியத்தில் ஓடுகிற கம்பெனி அவனுக்கு எதிராக ஆர்.டி.ஓ. சாட்சியைக் கூப்பிட்டது. அவன்மேல் வழக்குப் போட்ட நான் அவனுக்காக ஆவணம் தேடினேன். இந்த அமைப்பில் யார் யாருக்கு எதிரி என்று எனக்கு அன்றோடு குழப்பம் தீர்ந்துவிட்டது.

தீர்ப்பு 2024 கடைசியில் வந்தது. மாத வருமானம் 18,000 என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். விபத்தின்போது எனக்கு வயது 46. சுயதொழில் செய்கிற அந்த வயதுக்காரர்களுக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. 46 முதல் 50 வயதுக்குப் பெருக்கல் எண் 13 என்பது 2009இன் சர்லா வர்மா தீர்ப்பு. பாடம் எடுக்க முடியும், கச்சேரி வாசிக்க முடியாது என்பதால் பிழைப்பில் இழப்பு 30 சதவீதம். 22,500ஐ 12ஆல், 13ஆல் பெருக்கி அதில் 30 சதவீதம்: 10,53,000. இதோடு மருத்துவச் செலவு, ஆறு மாத வருமானம், வலிக்கு 50,000, மற்றவை சேர்ந்து 15,87,000 ரூபாய். மனு போட்ட தேதியிலிருந்து ஏழரை சதவீத வட்டி. விபத்துக்குக் கார் 60 பங்கு, லாரி 40 பங்கு காரணம் என்று பிரித்தார். பயணிக்கு இதில் பங்கில்லை. எஃப்.சி. செல்லும், வசூலித்துக்கொள்ளும் உரிமை கிடையாது. மேல்முறையீட்டுக்கு 90 நாள் காத்திருந்தேன். இரண்டு கம்பெனிகளும் போகவில்லை, பணத்தைக் கட்டின.

வலிக்கு 50,000 என்பதைப் படித்து என் மகள் கோபப்பட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு எவ்வளவு எழுதியிருந்தாலும் அபத்தமாகத்தான் இருந்திருக்கும்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு டிரைவரைத் தேடிப் போனேன். கார் போய்விட்டது, ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கால் ஒரு அங்குலம் குட்டை. வடபழனிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறார். வசூல் எதுவும் உங்கள்மேல் வராது என்று சொன்னேன். அப்படி ஒன்று வரவிருந்ததே அவருக்குத் தெரியாது. கிரிமினல் கேஸில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஃபைனோடு போய்விடும் என்று யாரோ சொல்ல, ஒத்துக்கொண்டு ஃபைனும் கட்டிவிட்டிருந்தார். அவருடைய பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அது உயிரோ உறுப்போ பார்வையோ போனால், அல்லது நிரந்தரமாக முழு ஊனம் ஆனால்தான். முறிந்து குட்டையான காலுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

"தம்பி, லாரிமேல நாற்பது பங்கு தப்புன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. உங்க காலுக்கு அந்த நாற்பது பங்கை நீங்க கேக்கலாம்" என்றேன்.

"என் மேலதான மேடம் கேஸு? நான் போய் எப்படிக் கேக்கறது?"

இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி, போலீஸ், ஆப், ஃபைனான்ஸ்காரர், யாரும். என் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாருக்காவது அடிபட்டால் மருந்து, மாத்திரை என்று அலைவதிலேயே அந்த ஆறு மாதம் போய்விடும். இவருடைய விபத்து அதற்கு முந்தையது என்பதால் அந்தக் கெடு பொருந்தாது என்று வாதாடலாம் என்றார் வக்கீல். கையெழுத்து வாங்கும்போது பங்கு பேசவில்லை.

அவருடைய மனு 2025இல் கோப்புக்கு எடுக்கப்பட்டது. லாரி இன்சூரன்ஸ் கம்பெனி கவுன்ட்டர் போட்டுவிட்டது: காலம் கடந்த மனு, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் நஷ்டஈடு கேட்க முடியாது. அதில் அவர் முதல் சாட்சி, நான் இரண்டாம் சாட்சி. லாரியில் விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.